ஒரு தடவைதான் சொல்வாள்

நாங்கள் அந்தக் குடியிருப்புக்குக் குடிவந்த வாரம் மேல்வீட்டு அக்கா பார்க்க வந்தாள். நான் மோர் ஊற்றிக் கொடுத்தேன். டம்ளர் முக்கால் நிறைந்ததும் "போதும்" என்றாள். நம் பக்கத்தில் போதும் என்றவுடன் நிறுத்துகிறவர்கள் உண்டா? அதற்கு மேலும் கொஞ்சம் ஊற்றினால்தானே உபசாரம். ஊற்றினேன். அக்கா டம்ளரை இழுத்துக்கொள்ளவில்லை, கையைக் குறுக்கே நீட்டவில்லை, ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. மோர் விளிம்பைத் தாண்டி அவள் விரல்களில் வழிந்து, முழங்கை வரை இறங்கி, அப்போதுதான் துடைத்த தரையில் சொட்டியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பதறிப்போய்ச் சொம்பை நிமிர்த்தினேன்.

"போதும்னு சொன்னேனே" என்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. ஈரக் கையோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்கள் காஸ் அடுப்பை ஒரு பார்வை பார்த்தாள். "வலது பக்கம் தாழ்ந்திருக்கு. தோசை மாவு ஒரு பக்கமா ஓடும்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். மறுநாள் மாவு ஒரு பக்கமாகத்தான் ஓடியது. அட்டையை மடித்து அடுப்புக் காலுக்கு அடியில் வைத்தேன்.

எதிர் பிளாக்கில் ஒரு டீச்சர், மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் செம்பருத்தித் தொட்டி வைத்திருந்தார். "அது விழும்" என்று அக்கா சொன்னாள். வருஷக்கணக்காக அங்கேதான் இருக்கிறது என்று டீச்சர் சிரித்தார். அக்கா மேற்கொண்டு பேசவில்லை. ஐப்பசிக் காற்றில் தொட்டி விழுந்து, கீழே நின்ற டீச்சரின் ஸ்கூட்டர் தலையை நொறுக்கியது. அதன் பக்கத்திலேயே எப்போதும் நிற்கும் அக்காவின் ஸ்கூட்டர் மட்டும் சில நாட்களாகவே தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றுகொண்டிருந்தது. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன். "ஏன்? காது நல்லாத்தானே கேக்குது அவங்களுக்கு?" என்றாள். அவளை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். கொஞ்சம் பயமும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அவள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. கல்பாக்கம் பக்கத்தில் பெரிய உத்தியோகம். என் வீட்டுக்காரருக்கு அவர்தான் மேலதிகாரி. வாரம் முழுக்க கோடு போட்ட சட்டையும் அடையாள அட்டையுமாக இருக்கும் மனுஷருக்கு, சனிக்கிழமை சாயங்காலமானால் பிசாசு பிடித்துவிடும். நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்று வைத்திருந்தார். அவரைப் பார்த்து ஆபீஸில் நாலைந்து பேர் ஆளுக்கொரு பழைய ஜீப் வாங்கினார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். மற்ற குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டில் படகு ஏறுவார்கள், மகாபலிபுரத்தில் வறுத்த மீன் தின்பார்கள். எங்களுக்கு விதித்தது நெம்மேலி தாண்டிச் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் மணல்மேடும், திருக்கழுக்குன்றம் பக்கம் கைவிட்டுப்போன கல்குவாரியும்தான். ஆண்கள் வண்டியைச் சேற்றில் இறக்கி ஏற்றுவார்கள். பெண்கள் பனைமர நிழலில் புளிசாதத்தைப் பிரிப்போம். இதற்குப் பெயர் சாகசமாம்.

அந்த மனுஷருக்கு விஷயம் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். நன்றாகத் தெரியும். புதிதாக வருகிறவர்களை நிறுத்திவைத்து வகுப்பெடுப்பார். சரிவில் நேராக ஏறு, நேராக இறங்கு. குறுக்கே போக வேண்டியிருந்தால் நத்தை மாதிரி போ. மேட்டுப் பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறினாலோ, பள்ளத்துப் பக்கச் சக்கரம் ஒரு குழியில் இறங்கினாலோ கணக்கே மாறிவிடும். கூரைமேல் சுமை ஏற்றாதே. வண்டி கவிழப் பார்த்தால் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கமே திருப்பி இறங்கு. எல்லாம் சரியாகச் சொல்வார். சொல்லி முடித்துவிட்டு வலது முழங்கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, பரங்கிமலை மாதிரி ஏற்றிய கூரைக் கேரியருடன் கிளம்புவார். விதியெல்லாம் மற்றவர்களுக்கு.

சாய்வை அளக்க டாஷ்போர்டில் ஒரு வட்ட மீட்டர் ஒட்டியிருந்தார். உள்ளே குட்டி ஜீப் படம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். சித்திரை வெயிலில் பசை உருகி அது கழன்று விழுந்து உடைந்தது. அன்றைக்குத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மணல்மேட்டில் குறுக்கே போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா "போதும்" என்றாள். நிறுத்தி, போனில் அளந்து பார்த்தார். இருபத்தைந்து டிகிரி. இன்னொரு மேட்டில் அவள் போதும் என்ற இடத்திலும் அதே இருபத்தைந்து. மனுஷர் வாய் கொள்ளாமல் சிரித்தார்.

"புது மீட்டர் எதுக்குப்பா? வூட்லயே ஒண்ணு கீது" என்றார் எங்களிடம். ஆபீஸில் நாகரிகமாகப் பேசுகிறவர், உற்சாகம் வந்தால் செங்கல்பட்டுப் பேச்சுக்கு இறங்கிவிடுவார்.

எப்படித் தெரிகிறது என்று அக்காவிடம் நான் கேட்டேன். "இதுல இன்னா இருக்கு? உக்காந்துகினு இருக்கும்போது ஒரு பக்கம் தொடை லேசாயிடும். எடை அந்தப் பக்கத்துல இருந்து போயிடும். அப்ப சொல்லிடுவேன்" என்றாள். பயமா என்றேன். "பயம் அதுக்கு முன்னாடியே வந்துடும்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் பெயர் மீட்டர். "மீட்டரை ஏத்துங்கப்பா", "மீட்டருக்குச் சாப்பாடு ஆச்சா?" நாலு ஆம்பிளைகளும் அவள் குரலை மெல்லிசாக்கி "போதும்ங்க, போதும்ங்க" என்று பேசிக்காட்டுவார்கள். அவள் அவர்கள் இலையில் புளிசாதம் வைத்துக்கொண்டிருப்பாள்.

பிறகு அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அக்கா சொன்ன இடத்தைத் தாண்டியும் வண்டி கவிழவில்லை. முப்பது வரைக்கும் தாங்கியது. "இவ போதும்ல இன்னும் அஞ்சு டிகிரி மிச்சம் இருக்கு" என்றார். அது எங்கள் கூட்டத்துக்கே வேதவாக்காகிவிட்டது. அக்கா போதும் என்பாள். அவர் கண்ணைச் சிமிட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். இன்னொரு தடவை சொல்லமாட்டாள். அதுதான் அவருக்கு ருசித்தது என்று நினைக்கிறேன். கத்தினால், அழுதால் அவருக்கே அலுத்துப்போயிருக்கும். எங்கள் வீட்டில் ஒரு நாள் ஏதோ சண்டையில் இத்தோடு போதும் என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அஞ்சு டிகிரி மிச்சம் என்றார். கையில் இருந்த கரண்டி அவர் காதோரமாகப் போய்ச் சுவரில் பட்டது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை.

குவாரியில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. சென்னையிலிருந்து புதிதாக ஏழெட்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள், ஐ.டி. வேலைக்காரர்கள். அவர்களுக்குச் சாய்வைக் காட்ட, ஜீப்பைச் சரிவின் குறுக்கே இடது பக்கம் தாழ நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்துவிட்டு அவர் இறங்கிவிட்டார். அக்கா தாழ்ந்த பக்கம் உட்கார்ந்திருந்தாள். தலைக்குமேல் உச்சி வெயில்.

"இந்த மூஞ்சியப் பாருங்க. இதுதான் இருபத்தஞ்சு. உதட்டக் கடிச்சா இருபத்தெட்டு. கண்ண மூடினா முப்பது" என்று குச்சியால் கண்ணாடி வழியாகக் காட்டினார். அந்தப் பையன்கள் முதலில் நெளிந்தார்கள். பிறகு ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னங்க, நான் எறங்கணும்" என்றாள் அக்கா. அவள் காலையிலிருந்து ஒதுங்க இடமில்லாமல் இருந்தது எனக்குத் தெரியும்.

"ரெண்டு நிமிஷம் இரு. கிளாஸ் நடக்குது."

நான் போய்க் கதவுப் பிடியில் கை வைத்தேன். "சார், அவங்கள எறங்க விடுங்க" என்றேன். "அந்தப் பக்கம் கதவைத் தொறந்தா வண்டி உங்க மேல வரும்மா. பொறுப்பு யாரு, நீங்களா?" என்றார். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அக்கா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்று.

அவள் ஒரு தடவை சொல்லியாயிற்று. அப்புறம் சொல்லவில்லை. வகுப்பு அவர் இஷ்டத்துக்கு நீண்டது. ஜீப்பைச் சமதரைக்குக் கொண்டுவந்து நிறுத்தி அவள் இறங்கியபோது புடவையின் பின்புறமும் ஸீட்டும் நனைந்திருந்தன. பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போதாவது அந்த மனுஷர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"மீட்டர் லீக் ஆயிடுச்சுப்பா" என்றார்.

அந்த நிமிஷத்தில் ஒரு பாறாங்கல் கிடைத்திருந்தால் அவர் தலையில் போட்டிருப்பேன். என் துப்பட்டாவை அவிழ்த்து அக்கா இடுப்பில் சுற்றினேன். அவள் கேனில் இருந்த தண்ணீரை எடுத்து, எல்லாரும் பார்க்க, ஸீட்டை நிதானமாகத் தேய்த்துக் கழுவினாள். கழுவிவிட்டு எல்லாருக்கும் தயிர்சாதம் போட்டாள். சிரித்தவனுக்கும் போட்டாள்.

ஏன் இன்னும் இவரோடு போகிறீர்கள் என்று மறுநாள் மொட்டைமாடியில் கேட்டேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "வரலன்னு கல்யாணமான புதுசுல சொல்லிட்டேன், ஒரு தடவ" என்றாள். கொடிக்கயிறு ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. அதை இழுத்துக் கட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் ஒரு நாள் மணல்மேட்டில் அக்கா போதும் என்றாள். மனுஷரின் கால் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்துவிட்டது. அதே மேட்டைப் பின்னால் வந்த என் வீட்டுக்காரர் சாதாரணமாகக் கடந்து போனார். கீழ்நிலை அதிகாரி முந்திவிட்டான். கேட்கவேண்டுமா? சாப்பிடும் இடத்தில் எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா சும்மா போதும் போதும்னு பேஜாரு பண்ணாத. ஒன்னால மானம் போவுது. இனிமே வண்டி உருள்றதுக்கு முன்னாடி சொன்னா போதும். புரிஞ்சுதா?"

அக்கா எலுமிச்சம்பழச் சாதத்தை மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"உருள்றதுக்கு முன்னாடி சொன்னா போதுமா?"

"ஆமா."

"சரிங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் போனோம். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவேயில்லை. மீட்டர் ரிப்பேர் ஆகிவிட்டது என்று ஆம்பிளைகள் சிரித்தார்கள். அவருக்கும் குஷி. அவள் சொல்லவில்லை என்றால் இன்னும் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே மேலே ஏற்ற ஆரம்பித்தார். போனில் அளந்து பார்ப்பதையும் விட்டுவிட்டார். அவள் மௌனத்தை நம்பி வண்டி ஓட்டினார். அவள் பேச்சை ஒரு நாளும் நம்பாத மனுஷர்!

மழை விட்ட ஒரு ஞாயிறு. அதே குவாரி. டில்லியிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய அதிகாரிக்கு வித்தை காட்டவேண்டும். கேரியரில் உபரிச் சக்கரம், கூடாரம், தண்ணீர் கேன் எல்லாம் ஏறியிருந்தன. செம்மண் சரிவை மழை அறுத்து வாய்க்கால் வாய்க்காலாக ஓடவிட்டிருந்தது. மண்ணுக்குள் இருந்த கற்களெல்லாம் பல்லைக் காட்டின. "சார், இன்னிக்கு வேணாமே" என்று என் வீட்டுக்காரர்கூட முனகினார். அவர் காதில் விழவில்லை.

ஏறுவதற்கு முன்னால் அக்கா என்னிடம் வந்தாள். இரண்டு கை கண்ணாடி வளையலையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். "கொஞ்சம் வச்சிரு" என்றாள். மடியில் எப்போதும் வைத்திருக்கும் பிளாஸ்கையும் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"கைய உள்ள வைங்க" என்றாள் அவரிடம். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வண்டிய நீ ஓட்றியா, நான் ஓட்றனா?" என்றார். முழங்கை வெளியிலேயே இருந்தது.

வலது பக்கம் தாழ, சரிவின் குறுக்கே ஜீப் ஊர்ந்தது. அவர் தாழ்ந்த பக்கம், அக்கா உயர்ந்த பக்கம். நாங்கள் ஓரமாக நின்று பார்த்தோம். வலது சக்கரங்கள் மழை அறுத்த வாய்க்காலில் இறங்கின. அவர் பாதியில் நிறுத்தாமல் அக்காவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது, உதட்டைக் கடிக்கவில்லை. மேலே போனார். இடது முன்சக்கரம் ஒரு கல்லின் மீது ஏறியது. அப்புறம் கல்லையும் விட்டு மேலே வந்தது. சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"போதும்" என்றாள் அக்கா.

சத்தமாகச் சொல்லவில்லை, பதறியும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் சொல்வதுபோல், ஓரமாக நின்ற எங்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த மனுஷர் பிரேக்கை மிதித்தார், ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்தார். மாடு படுப்பதுபோல் ஜீப் மெதுவாக வலது பக்கம் சாய்ந்து படுத்தது. கேரியர் சுமை இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சறுக்கி நின்றது. அதற்கப்புறம் கேட்ட அலறல் அவருடையது மட்டும்தான்.

குவாரிப் பக்கம் டிராக்டர் வைத்திருந்தவர் ஒருவர் சங்கிலியோடு ஓடிவந்தார். "இன்னா சார் இது, வண்டி படுத்துகினு கீது! எம்மா, நீ இப்டி மேல ஏறி வாம்மா, கையக் குடு" என்றார். அக்கா பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். ஸீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டைக் கழற்றி, வானத்தைப் பார்த்த கதவு வழியாக வெளியே வந்தாள். ஒரு கீறல் இல்லை. டிராக்டர் ஜீப்பைத் தூக்கியபோது அவர் வலது கை முழங்கைக்குக் கீழே பார்க்கக்கூடியதாக இல்லை. டிராக்டர்காரர் தன் துண்டை அவிழ்த்து அதன்மேல் போர்த்தினார்.

"ஏண்டி சொல்லல? ஏண்டி சொல்லல?" என்று அவர் கத்தினார்.

"சொன்னேனே" என்றாள் அக்கா. "உருள்றதுக்கு முன்னாடி சொல்லச் சொன்னீங்க. முன்னாடிதான் சொன்னேன். இவங்கல்லாம் கேட்டாங்களே."

எல்லாரும் கேட்டுத்தான் இருந்தோம். டில்லி அதிகாரி தரையைப் பார்த்தார். மெல்லிசுக் குரலில் பேசிக்காட்டும் நாலு பேரும் அவளிடமிருந்து ஓரடி பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மனுஷன் கை போய்க் கிடக்கும்போது இப்படிச் சொல்வது பாவம் என்று தெரியும். இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

செங்கல்பட்டில் ஆரம்பித்து சென்னை வரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனார்கள். கடைசியில் முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். இடது கையும் தோளில் முறிந்திருந்ததால் மார்போடு கட்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் வளையலையும் பிளாஸ்கையும் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். அவள் செய்தது வேண்டுமென்றா, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டா என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன்.

மனுஷரைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, அக்கா ரசம்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் தலையணைகள் ஒரு சாய்வும் இல்லாமல் சமமாக அடுக்கியிருந்தன. என்னைப் பார்த்து உட்காரச் சொன்னாள். வளையலை மேஜைமேல் வைத்தேன். வைத்த இடத்திலேயே விட்டுவிட்டாள். ஸ்பூனை நிரப்பி, துளி சிந்தாமல் அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"போதும்" என்றார்.

அக்கா ஸ்பூனை இறக்கவில்லை. அவர் மறுபடியும் போதும் என்றார். மூன்றாவது தடவை அவர் குரல் மெல்லிசாகிவிட்டது.

"போதும்மா. வயிறு ரொம்பிடுச்சு."

"உங்க போதும்ல இன்னும் அஞ்சு வாய் மிச்சம் இருக்குங்க" என்றாள் அக்கா, மிகவும் மரியாதையாக.

ஸ்பூன் காற்றில் அப்படியே, ஆடாமல் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் வாயைத் திறந்தார்.